முசே மூக்குப்பொடி போடும் இடம்

தெரேசு,

நீ கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். "வை" என்று எழுதினேன், அடித்தேன். "எடு" என்று எழுதினேன், அதையும் அடித்தேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, ஒத்த வார்த்தைக்கு எத்தினி காயிதம் பாழாக்குவ?" என்றாள். அதனால் இது நீளமாகத்தான் போகும். உன் உடம்பு, அங்கே அடிக்கிற குளிர், நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்பதெல்லாம் அவளுடைய இலாகா. அவள் சொல்லச் சொல்லக் கடைசியில் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கமெல்லாம் என்னுடையது.

முதலில் உன் கடிதத்தை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். முசே அந்துவான் நினைவாக நீ எழுதினாயே அந்த ஃபியூக் என்கிற ஆர்கன் இசை, அதை அங்கே பிரான்சில் ஒரு பெரிய மாதா கோயிலில் வாசிக்கப் போகிறார்கள். அச்சும் போடப் போகிறார்கள். இங்கே அவருடைய வருஷப் பூசையில் நீ அதை வாசித்தபோது, நடுவில் ஓர் இடத்தில் எல்லாச் சத்தமும் நிற்க, நான் கோபுரத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து மணி அடித்துவிட்டேன். அதை நீ அங்கே சாப்பாட்டு மேசையில் சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறாய். உன் வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. அந்த மணியையும் சேர்த்து எழுது, அதுதான் அதற்கு உயிர் என்று சொல்லிவிட்டாள். வைக்கவா, எடுக்கவா, அப்பா சொல்கிறபடி செய்கிறேன் என்று நீ எனக்கு எழுதியிருக்கிறாய். அச்சுக்காரன் காத்திருக்கிறானாம். பெற்ற மகள் அப்பனைக் கேட்கிற கேள்வியா இது? மாப்பிள்ளை பிடித்திருக்கிறானா என்று கேள், மூக்கு கோணல் என்று உடனே சொல்வேன். வீடு வாங்கவா என்று கேள், எறவானம் ஒழுகும் என்று பார்க்காமலே சொல்வேன். இதற்கு நான் என்னத்தைச் சொல்ல?

கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். அதுதான் என்னை அலைக்கழிக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கதை குடையில் ஆரம்பித்தது, உனக்கு நினைவிருக்கும். ஊரே முசே என்று மரியாதையாகக் கூப்பிட்ட அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பேண்டு வாசித்துவிட்டு வந்த சொல்தா. வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை, ஆனாலும் மழை வந்தால் நனைந்துகொண்டுதான் போவார், குடை விரிக்கவே மாட்டார். ஞாயிறு தோறும் ஜனங்கள் உள்ளே வந்து உட்காரும்வரை அவர் ஆர்கனில் ஒரு சின்ன மெட்டு வாசிப்பார். அவரே கட்டியது. வருஷக் கணக்காக அதே மெட்டு. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, அதற்கு வார்த்தை போட்டேன்.

முசே வந்தாரு, முசே வந்தாரு, குடையைக் காணோம்;
மழையும் வந்துச்சு, மழையும் வந்துச்சு, முசேயக் காணோம்.

முதலியார்பேட்டையில் நம் தெரு முழுக்க இதைப் பாடிற்று. மில்லில் ஷிப்டு மாறும்போது பாடினார்கள். நீயும் பாடினாய், எங்கே பாடினாய் பார், ஞானோபதேச வகுப்பில், அவர் காதுபட. உன்னைக் கூப்பிட்டு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். எங்கப்பா என்று கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாய். அவர் உன்னை ஆர்கன் மாடிக்கு அழைத்துக்கொண்டு போய், மூலையில் சாத்தியிருந்த குடையைக் காட்டி, "உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு, தாளம் சரி, சேதி தப்பு. குடை இருக்குது" என்றாராம். பிறகு உன் விரலைப் பிடித்து அந்த மெட்டை ஆர்கன் கட்டையில் வாசிக்க வைத்தார். ஒரு திட்டு விழும், நான் போய் மன்னிப்புக் கேட்பேன், அதோடு முடிந்துவிடும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது விளங்கவே இல்லை. கேலி செய்தவன் நான், கூலி உனக்கா?

கொஞ்ச நாளில் அவரே மில் வாசலுக்கு வந்துவிட்டார். சங்கு ஊதி நாங்கள் வெளியே வருகிறோம், வெள்ளைக் கால்சட்டை நிற்கிறது. தறி நடுவில் நின்று நின்று என் காது அப்போதே பாதி போயிருந்தது. அவர் மெல்லப் பேசுகிற மனுஷன். என் சிநேகிதர்கள் பின்னால் நின்று குடைப் பாட்டை முணுமுணுக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு முட்டுகிறது. அவர் என்னென்னவோ சொன்னார், நான் தலையாட்டினேன். கடைசியில் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "உங்க பொண்ணுக்குக் காது இருக்குது" என்றார்.

"இருக்கட்டும் முசே. எனக்குத்தான் போயிடுச்சு, அவளுக்காச்சும் இருக்கட்டும்" என்றேன்.

அவர் தொப்பியைத் தூக்கி "மெர்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கு நன்றி சொன்னார் என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். தினமும் சாயங்காலம் உன்னை ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுக்கு அனுப்ப நான் சம்மதம் கொடுத்துவிட்டேன் என்று அன்று இரவு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதிலிருந்து உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். புரியாதபோது தலையாட்டாதே. இல்லை, ஆட்டினால் நல்லதும் நடக்கிறது. இதைக்கூட எனக்கு உறுதியாகச் சொல்ல வரவில்லை, விட்டுவிடு.

அவருடைய பொடிப் பழக்கத்துக்கு வருகிறேன். நம் கோயில் ஆர்கன் காலால் மிதித்துக் காற்று ஏற்றுவது. மிதிப்பதை விட்டால் சத்தம் கிழவன் மூச்சு மாதிரி இழுத்து அடங்கும். எவ்வளவு பெரிய திருநாளாக இருந்தாலும், மேற்றிராணியாரே வந்து உட்கார்ந்திருந்தாலும், நடுவில் ஓர் இடத்தில் முசே காலை எடுத்துவிடுவார். கோட்டுப் பையிலிருந்து டப்பியை எடுப்பார், மூடியில் தட்டுவார், ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சுவார். அதுவரை கோயில் மொத்தமும் சும்மா நிற்கும். அந்தச் சும்மாவில் என்னால் சும்மா இருக்க முடியுமா? ஆண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து, அவருக்குப் பதிலாக நான் ஒரு பெரிய தும்மல் போடுவேன். சிரிப்பு பரவும். பெண்கள் பக்கமிருந்து உன் அம்மா திரும்பிப் பார்க்கிற பார்வையில் என் முதுகு எரியும். சாமியார் இரண்டு தடவை பிரசங்கத்தில் என்னைக் குத்திக் காட்டினார். முசே மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு முறை ஜுரம் வந்து கோயிலுக்குப் போகவில்லை. அன்று உன்னிடம், "உங்கப்பா எங்க? இன்னிக்குப் பொடியில காரமே இல்ல" என்றாராம். நீ வந்து சொன்னபோது போர்வைக்குள் கிடந்து சிரித்தேன். இப்போது யோசித்தால், அவர் கேலி செய்தாரா, நிஜமாகவே என்னைத் தேடினாரா என்று தெரியவில்லை.

உன்னை அவர் இத்தனை வருஷம் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முழுச் சந்தோஷம் என்று சொன்னால் உன் அம்மா சிரிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் நீ முசே இப்படிச் சொன்னார், முசே அப்படிச் சொன்னார் என்று ஆரம்பித்தால், எனக்கு மீன் முள் தொண்டையில் நிற்கும். அதனால்தான் நான் கேலியைக் குறைக்கவே இல்லை. அது ஒன்றுதான் அந்த வட்டத்துக்குள் எனக்கு இருந்த நாற்காலி.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு நீ மாதக் கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ எழுதினாய். இது என்னடி என்று கேட்டதற்கு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "மொதல்ல ஒரு ஆளு ஒரு சேதி சொல்லுவாரு. அவரு முடிக்கச்சே இன்னொருத்தர் அதே சேதிய வேற குரல்ல ஆரம்பிப்பாரு. மொத ஆளு நிறுத்தமாட்டாரு, வேற பேச்சு பேசிக்கினே இருப்பாரு. அப்புறம் மூணாவது ஆளு, அப்புறம் நாலாவது. யாரும் யாருக்காகவும் நிறுத்தறதில்ல. ஆனா சண்டையும் இல்ல." அது நம் வீட்டுச் சாப்பாட்டு நேரம்தானே, அதை எழுத எதற்குக் கதவைச் சாத்தினாய் என்றேன். நீ சிரிக்கவில்லை. செத்துப்போன ஒரு பெரிய வித்வானுக்கு, பின்னால் வந்தவர்கள் அவருடைய மெட்டையே எடுத்து இப்படிக் கட்டிக் காணிக்கை வைப்பது அங்கெல்லாம் வழக்கம் என்றாய். நம் ஊர் முசேயை நீ வித்வான் என்று சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவர் குடைக்காரர்.

அந்தச் சமயம் மில்லை விட்டு வந்துவிட்டேன். கோயில் மணி அடிக்கிற வேலையை நானாகக் கேட்டு வாங்கியிருந்தேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்கு முழுசாகக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். வருஷப் பூசை முறை உனக்குத் தெரியும். பூசை முடிந்து ஆர்கன் நின்றதும் மணி. மணி கேட்டதும் எல்லாரும் எழுந்து, சாமியார் முன்னால் போக, கல்லறை மந்திரிக்கப் போவார்கள். கோபுரத்தடியில் நிற்கிறவனுக்குப் பீடம் தெரியாது. தலைக்கு மேலே ஆர்கன் மாடி. சத்தத்தை வைத்துத்தான் எல்லாம்.

நீ ஆரம்பித்தது எனக்குக் கேட்கவே இல்லை. மேல் குரல் என் காதுக்கு எட்டாது. கதவோரம் நின்றவர்கள் முகத்தைப் பார்த்து, ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இரண்டாவது ஆள் வந்தபோது தூரத்தில் யாரோ நடப்பது மாதிரி இருந்தது. மூன்றாவது ஆள் கொஞ்சம் கேட்டது. நாலாவது ஆள் கீழே கனமாக வந்தான் பார், அப்போது பிடித்துவிட்டேன், முசே வந்தாரு, முசே வந்தாரு, குடையைக் காணோம். துக்கப் பூசை, பென்ஷன் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார்கள், நான் கயிற்றுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். மேலே ஒருத்தன் குடையைக் காணோம் என்கிறான், கீழே ஒருத்தன் அவனை முந்திக்கொண்டு குடையைக் காணோம் என்கிறான், நடுவில் ஒருத்தன் அதையே நிதானமாக இழுத்து இழுத்துச் சொல்கிறான். காலையில் மில்லில் தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக் கடைசியில் கொட்டகையே ஒரே சத்தமாக ஆகுமே, அப்படி ஆயிற்று. எனக்குச் சிரிப்பு எங்கே நின்றது, கண் எங்கே கலங்கியது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிற்று. அதற்கும் உன் பாஷையில் பேர் இருக்கும்.

அப்போதுதான் எல்லாம் நின்றது.

தறிக்காரன் கையைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். தறி ஓடிக்கொண்டிருந்தால் அவன் தூங்கக்கூடத் தூங்குவான். நின்றால் அந்த நொடியே கை பாயும், நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். யோசித்துவிட்டுப் பாய்கிறவனுக்கு அந்த வேலை ஆகாது. உன் சத்தம் நின்றது, என் கை பாய்ந்தது, கையில் கயிறு இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. மேலே மணி ஒன்று விழுந்தது. அடுத்தது இழுப்பதற்குள் நீ மறுபடியும் ஆரம்பித்துவிட்டாய், நாலு ஆளும் ஒன்றாக. உள்ளே பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாமியார் தீர்த்தச் செம்போடு நடுவழியில் நிற்கிறார். சொல்தாக்கள் எழுந்து சல்யூட் அடித்தபடி, எப்போது கையை இறக்குவது என்று தெரியாமல் கடைசிவரை அப்படியே நின்றார்கள்.

நீ படி இறங்கி வந்தாய். முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது, "கோவமாடி?" என்று கேட்டேன்.

"இல்லப்பா."

"அப்ப நல்லா இருந்துச்சா?"

"தெரியலப்பா. நான் அத இன்னும் கேட்டுக்கினே இருக்கிறேன்."

அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ பிரான்சுக்குக் கிளம்பினாய். இத்தனை நாளும் நான் அதை என் வசதிப்படி வைத்துக்கொண்டேன். கதிர்காமத்தில் உன் சித்தப்பன் வீட்டில், டீக்கடையில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கே போனாலும் ஒரே பேச்சுதான், எம் பொண்ணு பாட்டுல நானும் ஒரு எடத்துல வர்றேன் என்று. அவள் அந்த இடத்தை எனக்காகத்தான் விட்டு வைத்தாள், அப்பனுக்குச் சொல்லாமல் விட்டு வைத்தாள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன்.

இப்போது உன் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, "அந்த எடம் முசே பொடி போடறதுக்கு விட்டது அப்பா."

இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள், "உனக்கு இப்பதான் தெரியுதா? எனக்கு அன்னிக்கே தெரியும். நான் நீ தும்முவன்னு பாத்தேன், நீ மணி அடிச்ச" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். கோயில் மொத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மனுஷனை அத்தனை வருஷம் கேலி செய்த எனக்கு மட்டும் தெரியவில்லை. நானே அந்த நொடியில் தறிக்காரனாக இல்லாமல் பழைய கேலிக்காரனாக நின்றிருந்தால், தும்மியிருப்பேன்.

இப்போது என் நிலைமையைப் பார். வை என்று சொல்ல எனக்கு ஆசை. அச்சில் ஏறும், நான் பார்க்காத ஊரில் எவனோ ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான், நான் அடித்த அடியை அடிப்பான். அதை விட்டுக்கொடுக்க மனசு வருமா? இன்னொரு பக்கம், அது முசே உட்காருகிற இடம். அவர் டப்பியைத் திறக்கும்போதெல்லாம் நான் உள்ளே புகுந்து சத்தம் போட்டிருக்கிறேன். உயிரோடு இருந்தபோது தும்மல், போன பிறகு மணி. ஆனால் நான் வராத அன்று பொடியில் காரமே இல்லை என்று அவரே சொன்னாரே. அப்படியானால் என் சத்தமும் அந்தப் பொடியோடு சேர்த்திதானா? டீக்கடையில் கேட்டேன், வைக்கச் சொன்னார்கள். சாமியாரைக் கேட்டேன், எனக்கு அந்த மணி இன்னும் காதில் இருக்கிறது என்றார். புகழ்ந்தாரா, திட்டினாரா என்று அவர் முகத்திலும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இன்று காலையில் மணி அடிக்கப் போனேன். யாரும் வருவதற்கு முன்னால் ஆர்கன் மாடி ஏறினேன், முழங்கால் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டிற்று. அவர் உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்தேன். காலை வைத்து மிதித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கட்டையை, நீ காட்டிக்கொடுத்ததை, அழுத்தினேன். சத்தம் வந்தது. காலை எடுத்தேன். இழுத்து இழுத்து அடங்கிற்று. அப்புறம் அந்தச் சும்மா வந்தது. தெரேசு, நான் அதை இத்தனை வயதில் முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். அதற்குள் எத்தனை இருக்கிறது! புறா இருக்கிறது, கடல் இருக்கிறது, தெருவில் போகிற சைக்கிள் மணி எனக்கே கேட்டது. தும்மல் வந்தது, நிஜமான தும்மல், அங்கே அவ்வளவு தூசி. மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டேன்.

எடுத்துவிடு. மணியை எடுத்துவிடு. வாத்தியாரம்மாவிடம், எங்கப்பா ஒரு தடவையாவது அந்த மனுஷனை நிம்மதியாகப் பொடி போட விடச் சொன்னார் என்று சொல். அவளுக்குப் புரியாது, தலையாட்டுவாள்.

ஆனால் அந்த மணி என்னுடையது. அதைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வை. எனக்கும் ஒரு நாள் வருஷப் பூசை வரும், நீயும் எதையாவது எழுதாமல் இருக்கமாட்டாய். எனக்கென்று மெட்டு எதுவும் இல்லையே என்று முழிக்காதே. குடைப் பாட்டில் மெட்டு அவருடையது என்றால் வார்த்தை என்னுடையது, பாதி உரிமை இருக்கிறது. அதையே எடுத்துக்கொள். எங்கே வேண்டுமானாலும் மணியைப் போடு, ஒன்றுக்கு இரண்டாகப் போடு. இந்த விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.

அதற்காக இப்போதே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடாதே. உன் அம்மா பேனாவைக் கேட்கிறாள்.